வாய்க்கால் மணலை அள்ள டிப்பரா, குழாயா?

தொண்டிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் இறால் பண்ணையின் நீர்வரத்து வாய்க்கால், ஒவ்வொரு வாடைக் காலத்திலும் கடல் மணலால் தூர்ந்துவிடும். பல ஆண்டுகள் பொக்லைனும் டிப்பரும் வாடகைக்கு அமர்த்தி அள்ளிய நாங்கள், இரண்டு பருவங்களாக மணலை நீரோடு கலந்து, பம்பு வைத்து, 300 மீட்டருக்கு அப்பாலுள்ள எங்கள் கரைக்கே ஆறு அங்குலக் குழாயில் தள்ளிவிடுகிறோம்.

முதலீட்டில் டிப்பருக்குத்தான் வெற்றி. வாடகையோடு ஓட்டுநரும் வந்துவிடுவார். ஆனால் மழை ஓய்ந்த எங்கள் களித்தரையில் பாரவண்டி அச்சுவரை புதையும், அதை இழுத்துவிடுவதிலேயே பொக்லைனின் பாதிப் பொழுது கழிந்த நாள்கள் உண்டு. குழாயோ மணிக்கு இரண்டு டிப்பர் அளவு மணலைச் சத்தமின்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கவனிக்க வேண்டியது பராமரிப்பு. குதிரேமுக்கிலிருந்து மங்களூருக்கு இரும்புத்தாதுக் குழம்பை இறக்கிய 67 கிலோமீட்டர் குழாயில், 2005 இறுதியில் அங்கே சுரங்கம் நிற்கும்வரை வேலை பார்த்தவர் என் மைத்துனர். தாதுவை மாவாக அரைத்தே விடுவதால் நொடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் வேகத்திலேயே அது மிதந்து போகும், குழாயும் அதிகம் தேயாது. அரைக்காத மணலோ வேகம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்குக் குறைந்தால் அடியில் படியும், வேகத்தைக் கூட்டினால் குழாயை அராவும் என்றார் அவர். ஆகவே சத்தீஸ்கரின் பைலாடிலாவிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு இரும்புத்தாதுக் குழம்புக்கு 267 கிலோமீட்டர் குழாய் இருக்கிறதே என்று நம்பி மணலுக்கு இறங்கிவிடக் கூடாது.

பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் எங்கள் இம்பெல்லர் குரோமியம் கலந்த வார்ப்பிரும்பு. ஆயினும் சிப்பித் துண்டுகள் அதன் விளிம்பை ரம்பம்போல் ஆக்கிவிட்டதால் ஒருமுறை மாற்றினோம். குழாயில் அடிப்பக்கமே தேய்வதால், பருவம் முடிந்ததும் போல்ட்டுகளைத் தளர்த்தி ஒவ்வொரு துண்டையும் மூன்றில் ஒரு பங்கு திருப்பிப் போடுகிறோம்.

“மச்சான், மண்ணு எடுக்கிறதை நிறுத்தினாலும் தண்ணியை உடனே நிறுத்திடாதீங்க” என்று மைத்துனர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதல் மாதமே டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றதில், பள்ளத்தில் கிடந்த இரண்டு துண்டுகளுக்குள் மணல் கல்லாக இறுகிவிட்டது. கழற்றிக் கம்பியால் குத்தி எடுக்க ஒரு முழுநாள் ஆயிற்று. இப்போது உறிஞ்சும் முனையை மணலிலிருந்து தூக்கிவிட்டு, மறுமுனையில் தெளிந்த நீர் வரும்வரை ஓட்டிய பிறகே நிறுத்துகிறோம்.

களி கட்டிகட்டியாக வரும் மேற்குப் பகுதிக்கு இன்றும் பொக்லைனைத்தான் கூப்பிடுகிறேன். குழாயின் ஆயுளைப் பற்றி இரண்டு பருவ அனுபவத்தில் அடித்துச் சொல்லத் துணிவில்லை: இருமுறை திருப்பியாயிற்று, தேயாத பக்கம் இன்னும் ஒன்றுதான் பாக்கி, அதுவும் தேய்ந்த பிறகே செலவின் முழுக்கணக்கு கைக்கு வரும்.