புது பிரேக் பைப் என்று சொல்லி, பழசுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துத் தந்தார்கள்

வன்னியில் பழைய எல்ஃப், கன்ரர், டைனா லொறி வைத்து ஓடுகிற ஆக்கள் இதை ஒருக்கால் முழுதாக வாசியுங்கோ. பிரேக் ஒயில் ஓடுகிற பிரேக் பைப்பும், ஸ்பிரிங்கின் முனையில் உள்ள கண்ணுக்குள் இருக்கிற ரப்பரான ஸ்பிரிங் புஷ்ஷும் மாற்றியதாகச் சொல்லி முழுக் காசையும் வாங்கிவிட்டு, துருப்பிடித்த பழைய பைப்புக்கு மேலே கறுப்புப் பெயின்ற் அடித்து எங்கட லொறியை வெளியே விட்டார்கள். ஓட்டிக்கொண்டு போனது என்னுடைய தம்பி. அவன் தப்பினது அவன்ர கெட்டித்தனம். எல்லா றைவருக்கும் அப்படி வாய்க்காது.

எங்களுடையது மீன் லொறி. முல்லைத்தீவுக் கரையில் ஏற்றி ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போகிறது. ஐஸ் உருகி, உப்புத் தண்ணி பலகை இடுக்குகளால் ஒழுகி நேராகச் சேசிஸில்தான் விழும். பின் சில்லுக்குப் போகிற பிரேக் பைப் அந்தச் சேசிஸ் ஓரமாகத்தான் ஓடுகிறது. கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் உப்பும் சேறும் தங்கி, வெளியே தெரியாமல் இரும்பைத் தின்னும். நெல் ஏற்றுகிற லொறிக்கு இவ்வளவு கெதியாக இது நடக்காது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய லொறியைத் திருத்தித் திருத்தி ஓடுவதுதான் எங்கட பிழைப்பு. 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் அந்த விலைக்குக் கிட்டப் போக ஏலாது. வேறு வழியில்லாமல் வருகிறவன் என்று தெரிந்துதான் இப்படிக் கை வைக்கிறார்கள்.

ஏ9 வீதியில் நல்ல பேர் உள்ள கராஜ் அது. பைப் முழுக்கப் புதிது, ஹோஸ் எல்லாம் புதிது, முன்னும் பின்னும் ஸ்பிரிங் புஷ், ஸ்பிரிங்கைச் சேசிஸோடு தொடுக்கிற ஷக்கிள் பின், புது பிரேக் ஒயில் என்று கதைத்து முடித்தோம். பில்லிலும் அப்படியே எழுதியிருக்கிறது. லொறியை எடுக்கப் போனபோது கழற்றின பழைய சாமானைக் கேட்டேன்.

"பழசெல்லாம் இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போட்டான் அண்ணை. நீங்கள் கீழ குனிஞ்சு பாருங்கோவன், எல்லாம் புதுசு."

குனிந்து பார்த்தேன். ரோச் வெளிச்சத்தில் பைப் எல்லாம் கறுப்பாக மினுங்கியது. புது பைப்பும் கறுப்புப் பூச்சோடுதானே வருகிறது.

பிறகு ஒரு விடியப்புறம், மீன் பாரத்தோடு மாங்குளம் சந்திக்குக் கிட்ட வரும்போது மாடுகள் றோட்டுக்கு ஏறியிருக்கின்றன. தம்பி பிரேக்கை ஊன்ற, பெடல் பலகையோடு போய் ஒட்டிவிட்டது. பெடலை ஊன்ற ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் பம்ப் இரண்டு அறை உள்ளது, முன் சில்லுக்கு ஒன்று, பின் சில்லுக்கு ஒன்று. பின் பைப் போனாலும் முன் சில்லு பிடிக்க வேண்டும். பிடித்தது. ஆனால் முன் ஸ்பிரிங் புஷ் செத்திருந்தபடியால் ஒரு பக்கத்து அச்சு பின்னுக்கு நழுவி, ஸ்ரேறிங் வலது பக்கம் இழுத்திருக்கிறது. எதிரே வவுனியாப் பக்கமிருந்து திரும்பின பஸ். அவன் கியரைக் குறைத்து, ஹான்ட் பிரேக்கையும் இழுத்து, இடது பக்க மண்ணில் இறக்கி நிறுத்தினான். எல்ஃப்பில் ஹான்ட் பிரேக் கியர்பெட்டிக்குப் பின்னால் சாஃப்ற்றில் பிடிக்கிறது, அதற்கு ஒயில் பைப் தேவையில்லை. அதுதான் காப்பாற்றியது.

லொறியை இழுத்துக்கொண்டுபோய்ப் புதுக்குடியிருப்பில் எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் விட்டோம். அவர் ஸ்பானரைத் தொடவேயில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கீழே படுத்தார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த நட்டைப் பார். சாவி பட்ட அடையாளம் இருக்கோ?"

இல்லை. நட்டுக்கும், சில்லில் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்கும் இடையில் உள்ள கோட்டைப் பெயின்ற் அப்படியே மூடியிருந்தது. கழற்றிப் பூட்டின நட்டு என்றால் அந்தக் கோடு வெடித்திருக்கும், மூலைகள் உரசி வெள்ளி தெரியும். கிளிப்பின் ரப்பருக்கு மேலும் அதே பெயின்ற். புது பைப் போடுகிறவன் கிளிப்புக்கும் சேர்த்தா பெயின்ற் அடிப்பான்? பிரஷ்ஷால் தேய்த்ததும் கறுப்பு உரிந்து, கீழே துருப் பொருக்கு விரல் நகத்தோடு வந்தது.

ஒரேயொரு இடத்தில்தான் புதுசு வைத்திருந்தார்கள்: பின் அச்சுக்கு மேலே ஒரு முழத் துண்டு. அது பிரேக் பைப்பே இல்லை, ஏசிக்குப் போடுகிற சாதாரண செப்புக் குழாய். இரண்டு முனையிலும் பித்தளை ஜொயின்ற் போட்டு முறுக்கியிருந்தார்கள். அந்த ஜொயின்ற்றிலிருந்துதான் பைப் கழன்றிருந்தது. ரயருக்கு நாங்கள் காற்று அடிப்பது 80 இறாத்தல் அழுத்தம் அளவில். ஊன்றிப் பிரேக் பிடித்தால் பைப்புக்குள் ஒயில் அழுத்தம் 1000 இறாத்தலைத் தாண்டும். அதற்குப் பித்தளை வளையம் நெரித்துப் பிடிக்கிற ஜொயின்ற் ஆகாது. பைப்பின் வாயை விரித்து, உள்ளுக்கு இன்னொருதரம் மடித்து, இரட்டை மடிப்பாக எடுத்துத்தான் பூட்ட வேண்டும். வெறும் செம்பு அதிர்வில் இறுகி வெடிக்கும். செம்போடு 10 வீதம் நிக்கல் கலந்த பைப் வேறு, அது பிரேக்குக்கு ஏற்றது, உப்புக்கும் தாங்கும். பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கேட்டு வாங்குங்கோ.

பில்லில் புது ஒயில் என்று இருந்தது. ஒயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்தபோது வந்தது கோப்பி நிறத்தில் அடிமண்டியோடு. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 தர ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறினால் 140க்கு இறங்கிவிடலாம்.

புஷ் விஷயம் இன்னும் மோசம். ஸ்பிரிங் கண்ணுக்குள் இருந்தது பழைய ரயரில் வெட்டின ரப்பர் வளையங்கள், மேலே கிறீஸ் அப்பியிருந்தது. ஷக்கிள் பின் பழசு, ஒரு பக்கம் தேய்ந்து பள்ளம். பாரை வைத்து நெம்பினால் ஸ்பிரிங் கண் எங்கட பார்வைக்கு முன்னாலேயே ஆடுகிறது. சரியான ரப்பர் புஷ் என்றால் பிரஸ்ஸில் வைத்து இறக்க வேண்டும், சுத்தியலால் அடித்தால் வெளிக் கோது நெளியும். கடைசி முறுக்கு, லொறி ஜக்கிலிருந்து இறங்கி நாலு சில்லிலும் பாரம் நின்ற பிறகுதான். தூக்கி வைத்தபடி முறுக்கினால் ரப்பர் முறுகினபடியே நின்று கெதியில் கிழியும்.

கராஜுக்குப் போய்க் கேட்டோம். "எங்கட பொடியன் செய்தது, எனக்குத் தெரியாது" என்றார் கராஜ்காரர். அடுத்த வாய்க்கு, "மீன் லொறி எண்டா அப்பிடித்தான் அண்ணை, உப்புக்குப் போயிருக்கும்" என்றார். காசு ஒரு சதம் திரும்பவில்லை. கழற்றின செப்புத் துண்டு, ரயர் ரப்பர், படங்கள், பில் எல்லாவற்றையும் வைத்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அவர்களுடைய 1977 என்ற ரெலிபோன் இலக்கத்துக்கு எடுத்தால் வழி சொல்வார்கள். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதேங்கோ. பில் இல்லாமல் அங்கே போய்ப் பலன் இல்லை, துண்டுக் கடதாசியிலாவது சாமான் சாமானாக எழுதி வாங்குங்கோ.

எல்லாக் கராஜையும் நான் குறை சொல்லவில்லை. அந்தப் புதுக்குடியிருப்பு ஐயா புது பைப்பைப் பெயின்ற் இல்லாமல் பூட்டி, தம்பியைப் பெடலை ஊன்றி மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜொயின்ற்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார். பெயின்ற் அதற்குப் பிறகுதான். நீங்களும் அப்படிக் கேளுங்கோ. கழற்றின சாமான் ஒரு சாக்கில் லொறிக்குள் இருக்க வேண்டும் என்று முதலே சொல்லி வையுங்கோ.

அண்மையில் ஏ9 பக்கம் பிரேக் வேலை செய்து எடுத்தவர்கள் இருந்தால், அடுத்த பாரம் ஏற்ற முதல் பின் சில்லு நட்டை ஒரு கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கோ.