சேஜ்மேத்: கோட்டுருக்களின் ஐகென் மதிப்புகளுக்கு ஏற்ற மென்பொருள்

முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட ஒரு கோட்டுருவை அணியாக (எண்களின் கட்டமாக) எழுதி, அந்த அணியின் ஐகென் மதிப்புகளை (அணி சில திசையன்களைத் திசைக்கோடு மாறாமல் எத்தனை மடங்காக்குகிறது என்று காட்டும் எண்களை) கொண்டு கோட்டுருவின் இயல்புகளை அறியும் முறையைக் கற்பவர்கள், ஐந்தாறு முனைகளைத் தாண்டியதுமே கைக்கணக்கின் எல்லையை உணர்ந்துவிடுவார்கள். அந்த எல்லைக்கு அப்பால் செல்ல நான் தொடர்ந்து பயன்படுத்திவருவது சேஜ்மேத். வில்லியம் ஸ்டைன் 2005-இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள் பைத்தான் மொழியில் இயங்குகிறது. இதற்கு விலை ஏதும் இல்லை.

பெயர்பெற்ற கோட்டுருக்கள் பல இதில் முன்பே சேர்க்கப்பட்டுள்ளன. 10 முனைகளும் 15 விளிம்புகளும் கொண்ட பெட்டர்சன் கோட்டுருவை அழைத்து அதன் அண்டை அணியின் (இணைந்த முனைகளுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என எழுதிய அணியின்) ஐகென் மதிப்புகளைக் கேட்டால், 3 ஒரு முறையும், 1 ஐந்து முறையும், −2 நான்கு முறையும் முழு எண்களாகவே வருகின்றன. தசமத் தோராயத்தில் கணக்கிடும் கருவிகளோ 0.9999999 போன்ற எண்களைத் தந்து, அந்த ஐந்தும் ஒரே எண்தானா என்ற ஐயத்தை நம்மிடமே விட்டுவிடக்கூடும். ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்பதன்மீதே இத்துறையின் பல நிறுவல்கள் நிற்பதால், இந்தத் துல்லியத்தையே இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

ஒவ்வொரு முனையின் விளிம்பு எண்ணிக்கையை மூலைவிட்டத்தில் எழுதி, அதிலிருந்து அண்டை அணியைக் கழித்துப் பெறும் லாப்லாசியன் அணிக்கும் இந்தத் துல்லியம் பொருந்தும். பெட்டர்சனுக்கு 0 ஒரு முறையும், 2 ஐந்து முறையும், 5 நான்கு முறையும் கிடைக்கின்றன. 0 நீங்கலாக மற்றவற்றைப் பெருக்கினால் 20,000. அதை முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் 2,000 என்பது, எல்லா முனைகளையும் இணைக்கும் மரங்களை (சுற்று ஏதும் இல்லாத இணைப்புகளை) அக்கோட்டுருவுக்குள் எத்தனை வகையில் அமைக்கலாம் என்பதன் விடை. ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் 1847-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இந்தத் தேற்றத்தை மாணவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ள முடிவது பெரிய பேறு.

ஐகென் மதிப்புகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்பதையும் இதிலேயே காணலாம். 4×4 சதுரங்கப் பலகையில் யானையின் நகர்வுகளைக் குறிக்கும் கோட்டுருவுக்கும், இந்தியக் கணிதவியலாளர் ஸ்ரீகண்டேயின் 1959 ஆம் ஆண்டுக் கோட்டுருவுக்கும் 6, 2, −2 ஆகியவையே முறையே 1, 6, 9 முறை வருகின்றன. ஆயினும் இரண்டும் ஒரே அமைப்புடையவையா என்று கேட்டால், மென்பொருள் 'இல்லை' என்கிறது. முன்னதில் ஒரு முனையின் ஆறு அண்டை முனைகள் இரண்டு முக்கோணங்களாகப் பிரிகின்றன. பின்னதில் அவை ஓர் அறுகோணமாகச் சுற்றி வருகின்றன. இந்த வேறுபாட்டையும் அண்டை முனைகளை மட்டும் தனியே பிரித்தெடுத்து நேரில் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. விகிதமுறா மதிப்புகள் இறுதியில் கேள்விக்குறியுடன் அச்சாகின்றன. எண் உள்ளே துல்லியமாகவே இருக்கிறது, திரையில் காணும் கடைசி இலக்கம் மட்டுமே உறுதியற்றது என்பதை அறியாத புதியவர்கள் இதைப் பிழை என்று எண்ணிக் குழம்புவார்கள். துல்லியக் கணக்குக்கு விலையும் உண்டு: சில நூறு முனைகள் கொண்ட ஒழுங்கற்ற கோட்டுரு என்றால் வேகம் மிகவும் குறைந்துவிடும்; அப்போது அணியைத் தசம எண்களுக்கு மாற்றிக்கொள்வதே வழி. விண்டோஸ் கணினியில் லினக்ஸ் துணையமைப்பை முதலில் நிறுவ வேண்டியிருப்பதும் தொடக்கநிலையினருக்குத் தடைதான். அவர்கள் உலாவியிலேயே இயங்கும் சேஜ்மேத்செல் பக்கத்தில் தொடங்கலாம். மேலே சொன்ன கணக்குகள் அனைத்திற்கும் அது போதும்.