இரண்டு மாத விடுமுறையும் ஒன்பது நாள் விடுமுறையும்: ஷார்ஜா – சுசீந்திரம் பயண அனுபவம்

2014 ஏப்ரலில் மகளை ஷார்ஜாவில் உள்ள இந்தியப் பள்ளி ஒன்றின் மழலையர் வகுப்பில் சேர்த்த நாள் முதல், நாங்கள் ஊருக்கு எப்போது வரலாம் என்பதைப் பள்ளி நாட்காட்டிதான் முடிவு செய்துவருகிறது. நான் அதே நகரத்தில் வேறொரு இந்தியப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். என் பிறந்த வீடு கன்னியாகுமரி மாவட்டம் சுசீந்திரத்திலும் கணவர் வீடு அதே மாவட்டத்தின் தக்கலையிலும் உள்ளன. கொரோனா முடக்கிய ஆண்டுகளை விட்டுவிட்டால், கோடை, குளிர்காலம், மார்ச் இறுதி என்று மூன்று பருவங்களிலும் பிள்ளைகளுடன் வந்து பார்த்துவிட்டோம். புதிதாக வளைகுடாவுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்லும் உறவினர்கள் ஆண்டுதோறும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பதால், கண்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

அமீரகத்தின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏறக்குறைய எட்டு வாரக் கோடை விடுமுறை. டிசம்பர் நடுவில் தொடங்கி மூன்று வார அளவுக்குக் குளிர்கால விடுமுறை. மார்ச் இறுதியில், ஒரு கல்வியாண்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சிறிய இடைவேளை. பெருநாள் விடுமுறைகள் பிறை பார்த்து உறுதியாவதால், அவற்றை நம்பி விமானச் சீட்டு எடுக்க முடியாது. தனியார் நிறுவன ஊழியருக்கு அமீரகச் சட்டம் தரும் ஆண்டு விடுப்பு 30 நாள். இடையில் வரும் வார விடுமுறைகளும் அந்தக் கணக்கில் அடங்கும். ஆகவே கோடையில் நானும் பிள்ளைகளும் முதலில் வந்துவிடுவோம், கணவர் ஆகஸ்டில் மூன்று வாரத்துக்கு வந்து எங்களை அழைத்துச் செல்வார். பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்னதாகவே ஆசிரியர்கள் பணிக்குத் திரும்ப வேண்டும் என்பதால், என் எட்டு வாரம் ஒருபோதும் எட்டு வாரமாக இருந்ததில்லை.

முதல் ஐந்து கோடைகளில் இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையே தெரியவில்லை. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பாட்டாவின் தோளும் ஆச்சியின் மடியும்தான். பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இன்றும் ஜூலையையே பரிந்துரைப்பேன். செலவுதான் கையைக் கடிக்கும். பள்ளிகள் மூடும் வாரத்தில் திருவனந்தபுரத்துக்கு வரும் சீட்டும், ஆகஸ்ட் கடைசியில் திரும்பிப் போகும் சீட்டும் ஆண்டிலேயே விலை கூடியவை. இரண்டு வயது முடிந்த குழந்தைக்குத் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும். பிப்ரவரியிலேயே சீட்டு எடுத்த ஆண்டுகளில் தப்பித்தோம். ஒரு முறை மே மாதம் வரை தள்ளிப்போட்டதில், நால்வருக்கும் சேர்த்து வழக்கமான தொகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தோம்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் ஜூலையின் குறை கண்ணில் பட்டது. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. நாங்கள் பெட்டியுடன் வந்து இறங்கும்போது என் அண்ணன் மகன் முதல் பருவப் பாடங்களில் மூழ்கியிருப்பான். 2022 ஜூலையில் ஒரு நாள் பிற்பகல், என் மகன் குடையை விரித்துக்கொண்டு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சாரல் அவன் கால்விரல் வரை அடித்துக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு உட்கார்ந்தவன், நாலே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்து நிற்கும் வரை எழுந்திருக்கவில்லை. வேனிலிருந்து இறங்கிய மருமகன் நனைந்த காலுறையைக் கழற்றி, இரண்டு தோசையைத் தின்று, ஐந்தரைக்குத் தனிப்பயிற்சி வகுப்புக்குக் கிளம்பிப் போனான். ஐந்தரைக்கு மேல் என் மகன் மறுபடியும் அதே படியில் உட்கார்ந்தான். “மக்ளே, உள்ள வா, சாரல் அடிக்கு” என்று என் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மறு ஆண்டு இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன், ஆசிரியைப் புத்தி. 2023இல் ஜூலை 2 முதல் ஆகஸ்ட் 26 வரை 56 நாள் ஊரில் இருந்தோம். எங்கள் பள்ளி நாட்காட்டியையும் மருமகனின் பள்ளி நாட்காட்டியையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இருவருக்கும் விடுமுறையாக உள்ள நாட்களுக்கு மட்டும் பச்சை மையால் வட்டம் போட்டேன். எட்டு ஞாயிறு, ஏழு சனி, சுதந்திர தினம் என்று 16 வட்டங்கள் விழுந்தன. சனிக்கிழமைகளில் பாதி நேரம் அவனுக்குத் தனிப்பயிற்சி. ஞாயிறுகளில் பாதி எங்கள் உறவினர் வீட்டு விருந்துகள். இதற்காகவா இத்தனை பணம் கட்டி வந்தோம் என்று கணவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

கோடைக்கு வேறு சில சங்கடங்களும் உண்டு. நாங்கள் வரும் காலம் தென்மேற்குப் பருவமழையும் ஆடி மாதமும் சேர்ந்த காலம். எங்கள் வீடுகளில் ஆடியில் கல்யாணம் இல்லை. ஆகஸ்ட் 17ஐ ஒட்டி ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசைகட்டி வரும். நாங்கள் திரும்புவதற்கு முந்தைய பத்து நாளில், தோவாளைப் பூச்சந்தையில் பூ விலை ஏறத் தொடங்கும் நேரத்தில், ஒரே வாரத்தில் நான்கு கல்யாணங்களுக்குப் போய்வந்திருக்கிறோம். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு விட மாட்டார்கள். திற்பரப்பில் வெள்ளம் கூடினால் குளிக்க விட மாட்டார்கள். மழைக்கு ஒதுங்கிப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம் என்று தக்கலை வீட்டிலிருந்து கிளம்பிப் போன அன்று திங்கள்கிழமை. திங்கள்கிழமை அரண்மனை திறப்பதில்லை என்பது அந்த ஊருக்கே மருமகளாகப் போன எனக்கு அங்கே போய்த்தான் நினைவுக்கு வந்தது.

ஓணம்தான் பெரிய மனக்குறை. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியாதலால் எங்கள் மாவட்டத்திலும் ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள் அது. 2023இல் திருவோணம் ஆகஸ்ட் 29 அன்று வந்தது. நாங்கள் 26ஆம் தேதியே விமானம் ஏறிவிட்டோம். 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. இரண்டும் பள்ளி திறந்த பிறகு. 2026இல் ஆகஸ்ட் 26 என்று பஞ்சாங்கம் சொல்கிறது. அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறதே தவிரக் கைக்கு வருமா என்பது பள்ளி திறக்கும் தேதியைப் பொறுத்தது. பழங்களிலும் இதே கதைதான்: நுங்கும் மாம்பழமும் போய்விடும், வருக்கைச் சக்கை (பலாப்பழம்) கடைசிக் காலத்தில் தண்ணீர் கோர்த்திருக்கும். ரம்புட்டான் மட்டும் எங்களுக்காகக் காத்திருக்கும்.

அந்த மனக்குறையில்தான் 2023 டிசம்பரில், அதே ஆண்டில் இரண்டாம் முறையாக, 16 நாளுக்கு வந்தோம். செலவு அதிகம் என்று தெரிந்தே செய்த காரியம். டிசம்பர் என்றால் வெயிலும் இளங்குளிரும் என்று நினைத்து வந்த எங்களை, தென் மாவட்டங்கள் நான்கையும் புரட்டிப்போட்ட டிசம்பர் 17, 18 பெருமழைதான் வரவேற்றது. இருந்தும் அந்தப் பயணம் எங்கள் திட்டத்தையே மாற்றிவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்து மருமகன் வீட்டில் இருந்தான். சுசீந்திரம் மார்கழித் திருவிழாத் தேர் கிறிஸ்துமஸை ஒட்டியே வந்தது. தாணுமாலயன் தேர்வடத்தை என் மகனும் மருமகனும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்துவிட்டு, உள்ளங்கை சிவந்திருப்பதை என்னிடம் வந்து காட்டினார்கள். யார் கை அதிகம் சிவந்தது என்று இரவு வரை சண்டை.

அடுத்த ஆண்டும் டிசம்பரையே தேர்ந்தெடுத்தோம். மருமகனுக்கு விடுமுறை 2024 டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை, ஒன்பதே நாள். அந்த ஒன்பதும் பச்சை வட்டம். பக்கத்துத் தெருவில் கிறிஸ்துமஸ் குடில் கட்டியவர்கள் எங்கள் பையன்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். வைக்கோல் கொண்டுவருவது இவர்கள் பொறுப்பு. டிசம்பர் 30 அன்று கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போனபோது படகுக்கான வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் வண்டியைத் திருப்பி, வட்டக்கோட்டைக்குப் போய்க் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து, கொண்டுபோன நேந்திரங்காய் வறுவலைத் தின்றுவிட்டு வந்தோம். பிள்ளைகளுக்குப் பாலத்தின் நினைவே வரவில்லை.

டிசம்பருக்கும் குறை உண்டு. மார்கழியில் எங்கள் வீடுகளில் சுப காரியம் கிடையாது; ஆகவே கல்யாணம் காண வருபவர்களுக்கு இது ஆகாத மாதம். கிறித்தவ நண்பர்களின் திருமணங்கள் கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் குவியும். கார் கிடைப்பது அப்போது பெரும்பாடு. எல்லாவற்றுக்கும் மேல், வயதானவர்களுக்கு இரண்டு வாரம் போதவில்லை. “வந்த பெட்டி ஒழியல, அதுக்குள்ள கெட்டுகியளே” என்று அம்மா சொன்னாள். இதற்கு நான் கண்ட வழி, கோடையை முழுவதும் கைவிடாமல், ஓராண்டு விட்டு ஓராண்டு ஆகஸ்டில் மூன்று வாரம் மட்டும் வருவது. அந்த மூன்று வாரம் அம்மா அப்பாவுக்கு; டிசம்பர் பிள்ளைகளுக்கு.

மார்ச் இறுதிப் பயணத்தை ஒரே முறை செய்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். ஊரில் அது ஆண்டுத் தேர்வுக் காலம்; எந்த வீட்டுக்குப் போனாலும் தொலைக்காட்சியைக்கூடப் போட மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் பங்குனி, ஐப்பசி மாதங்களில் பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று சில மணி நேரம் விமானங்கள் இறங்கா. அந்தத் தேதியைப் பார்க்காமல் சீட்டு எடுத்தால் நேரம் மாறும், மறுமுனையில் கார் காத்துக்கிடக்கும்.

சில சிறிய விஷயங்கள். பள்ளி திறக்கும் தேதி உறுதியாக அறிவிக்கப்படும் வரை, தேதி மாற்றக் கட்டணம் குறைவாக உள்ள சீட்டையே எடுக்கவும். ஒரு பள்ளி கடைசி நேரத்தில் தேதியை முன்னால் இழுத்ததில் நாங்கள் பட்ட நஷ்டம் போதும். சென்னை வழியாக வருபவர்கள், ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டதை நினைவில் கொள்ளவும். விமானச் சீட்டு கையில் இருக்கும், நாகர்கோவிலுக்கான ரயில் அப்போது திறந்திருக்காது. பிள்ளைகளின் கடவுச்சீட்டு பொதுவாக ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். அது முடியும் ஆண்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே எழுதி ஒட்டுவது நல்லது.

இந்த ஆண்டு (2025–26) மகள் பத்தாம் வகுப்பு. மத்திய வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு தேர்வு வாய்ப்புகள் தருகிறது என்றாலும், பிப்ரவரித் தேர்வையே அவள் குறியாக வைத்திருக்கிறாள். ஆகவே ஆகஸ்டில் ஊருக்கு வரவில்லை. டிசம்பரில் மட்டும் வருகிறோம், அவள் பாடப்புத்தகங்களுக்கென்று ஏழு கிலோ ஒதுக்கியாகிவிட்டது. மருமகனின் அரையாண்டு விடுமுறைத் தேதிகளை அண்ணன் அனுப்பிவிட்டான். பச்சை வட்டமும் போட்டாயிற்று. மகனின் கடவுச்சீட்டு ஜனவரியில் முடிகிறது என்பதை மட்டும் நேற்றுத்தான் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அது தெளிவாகவே எழுதியிருந்தது.