தண்ணிய திரும்ப மக்கள் கைக்கு கொண்டு வர பாரிஸ் வழியா, பெர்லின் வழியா?

பாரிஸ்ல 1985ல இருந்து குடிதண்ணி விநியோகத்த, ஆத்துக்கு ஒரு கரை வியோலியாவுக்கு, இன்னொரு கரை சூயஸுக்குன்னு ரெண்டு தனியார் கம்பெனிகளுக்கு பிரிச்சு குடுத்திருந்தாங்க. மேயர் டெலனோயே ஒப்பந்தம் முடியிற நேரம் பாத்து, அத நீட்டிக்காம விட்டுட்டு 2010 ஜனவரியில மாநகராட்சி கையிலயே எடுத்துட்டாரு. முதல் வருஷமே 3.5 கோடி யூரோ மிச்சம், 2011ல கட்டணம் 8% குறைஞ்சுது.

பெர்லின் கதை வேற. அங்க 1999ல நகரத்தோட தண்ணி கம்பெனியில 49.9% பங்க தனியாருக்கு வித்துட்டாங்க, அந்த ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு கூட ஜனங்களுக்கு காட்டல, லாபத்துக்கு கேரண்டி குடுத்தது எல்லாம் அப்புறம்தான் வெளிய வந்துச்சு. சாதாரண ஜனங்க தெருத்தெருவா கையெழுத்து வாங்கி 2011 பிப்ரவரியில பொது வாக்கெடுப்பு வரைக்கும் கொண்டு போயி, ஓட்டு போட்டவங்கள்ல 98% பேரு "ஒப்பந்தத்த வெளியிடு"ன்னு சொன்னாங்க. 2013க்குள்ள மொத்த பங்கும் திரும்ப வந்துச்சு, ஆனா அதுக்கு 100 கோடி யூரோவுக்கு மேல குடுக்க வேண்டியதா போச்சு, அது ரொம்பவே வலிக்குது.

செலவுன்னு பாத்தா பாரிஸ் வழிதான் பெஸ்ட். ஆனா அதுக்கு ஒப்பந்தம் முடியிற தேதியும் பக்கத்துல இருக்கணும், மனசு வச்ச மேயரும் இருக்கணும். கோவையில தண்ணி விநியோகத்துக்கு அதே சூயஸோட 2018ல போட்டது 26 வருஷ ஒப்பந்தம், அது முடியிற வரைக்கும் காத்துட்டு இருக்க முடியாதுங்க, அதனால எனக்கு பெர்லின்காரங்க மாதிரி மொதல்ல ஒப்பந்தத்த முழுசா காட்டுங்கன்னு கேக்குறதுதான் சரின்னு படுது.