உப்புக்காற்றில் எம்ஜிபி: பழைய வயர் வீலா, புதுசா, டிஸ்க் வீலா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் வீட்டு வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுத்து, முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். என் 1965 எம்ஜிபியில் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஆறு மாதம் அதைப் பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தேன். டிரம் நின்றது, சக்கரம் அசைந்தது. தேய்ந்திருந்தது ஸ்ப்ளைன்.

வயர் வீல் என்றால் கம்பி ஸ்போக் வைத்த சக்கரம்; அதற்கு நான்கு போல்ட்டு கிடையாது. ஹப்பில் நீளவாக்கில் வெட்டிய பற்கள் மேல் சக்கரம் செருகி உட்காரும்; இந்தப் பல்தான் ஸ்ப்ளைன். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. ஓடும் முறுக்கையும் பிரேக் முறுக்கையும் அந்தப் பற்கள்தான் தாங்குகின்றன. நட்டு தளர்ந்தாலோ கிரீஸ் காய்ந்தாலோ ஒன்றையொன்று அரைத்துவிடும். நம் கடற்கரையில் மணலும் உப்பும் வேறு உள்ளே சேர்கின்றன.

முதல் வழி, பழைய சக்கரத்துக்குப் புது ஸ்போக் கட்டுவது. செலவு குறைவு, வண்டியின் பழமையும் போகாது. புல்லட் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கும் கைக்காரர் இதையும் செய்வார். ஆனால் அதில் 40 ஸ்போக், இதில் 60, அதுவும் உள்வரிசை, வெளிவரிசை என்று. பிரிப்பதற்கு முன் படம் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் இந்த வேலை ஸ்போக்கைத்தான் சரிசெய்யும், பல்லை அல்ல. பல்லின் நுனி தட்டையாக இருந்தால் ஸ்போக் மாற்றலாம். கத்தி முனைபோலக் கூராகியிருந்தால் அந்தச் சக்கரத்தில் பணம் போடவே வேண்டாம்.

“அண்ணே, வெல்டு வச்சுப் பல்லு வெட்டித் தந்துர்றேன்” என்று லேத் பட்டறையில் ஒரு தம்பி சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் வெல்டிங் சூடு இரும்பின் தன்மையை மாற்றிவிடும், விரிசல் விடலாம். உயிர் தொங்கும் இடத்தில் அது கூடாது.

இரண்டாவது, டிஸ்க் வீலுக்கு, அதாவது ஸ்போக் இல்லாத, போல்ட்டில் மாட்டும் தகட்டுச் சக்கரத்துக்கு மாறுவது. தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இது நியாயமான யோசனை: துருப்பிடிக்க ஸ்போக் இல்லை, ஸ்ப்ளைன் கவலையும் இல்லை. சிக்கல் பின் ஆக்சிலில். எம்ஜிபியில் வயர் வீலுக்கான ஆக்சில் அகலம் குறைந்தது. முறையாக மாற்ற ஆக்சிலையே மாற்ற வேண்டும், முன் ஹப்பும் வேறு. முழு ஆக்சில் கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஸ்ப்ளைன் மேல் அடாப்டர் மாட்டி டிஸ்க் வீல் போடுவதை மட்டும் நம்பாதீர்கள்; அந்த அடாப்டரும் அதே தேய்ந்த பல்லில்தான் உட்காரும்.

நான் எடுத்தது மூன்றாவது வழி: ஹப்பும் சக்கரமும் சேர்த்துப் புதுசு. கஸ்டம்ஸ், கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து கை கடித்தது உண்மை. ஆனால் புதுச் சக்கரத்தைப் பழைய ஹப்பில் மாட்டினால், தேய்ந்த பல் புதுப்பல்லையும் சீக்கிரம் தின்றுவிடும். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

வாங்கும்போது குரோமை விட்டுவிட்டு வெள்ளி நிற பெயின்ட் எடுத்தேன். குரோம் அழகுதான், ஆனால் பாம்பன் காற்றில் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சின்ன நட்டு) ஓரத்தில்தான் முதலில் துரு எட்டிப் பார்க்கும். பெயின்ட் என்றால் உரிந்த இடத்தில் நாமே தொட்டு அடித்துக்கொள்ளலாம். ரிம்முக்குள் நாடா, டியூப் இரண்டும் கட்டாயம்.

மாட்டும்போது கவனம் வேண்டும். இடப்பக்க ஹப்புக்கு வழக்கமான மரை, வலப்பக்கத்துக்கு எதிர்மரை. பக்கம் மாறிப் பூட்டினால் ஓட ஓட நட்டு கழன்றுவிடும். பல், மரை, கோன் (நட்டு அழுந்தி உட்காரும் கூம்பு) எல்லாவற்றிலும் கிரீஸ் தடவி, நட்டைச் செம்புச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் இன்னொரு முறை தட்டிப் பார்க்க வேண்டும்.

அரிச்சல்முனை போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவுகிறேன். அப்புறம் ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டுவேன். தளர்ந்தது மட்டும் மந்தமாக ஒலிக்கும். பழைய சக்கரங்களில் பல் நன்றாக இருந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்போக் மாற்றி, கோட்டம் எடுத்து, ஸ்டெப்னியாக டிக்கியில் வைத்திருக்கிறேன்.