ரூ. 68,500 போனது, கோளாறு போகவில்லை: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். அம்பாசடர், பத்மினி போன்ற பழைய கார்களை வைத்துப் பராமரிப்பவர்கள், வந்து வந்து மறையும் மின்கோளாறுக்காக எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

எங்களுடையது அப்பா வாங்கிய மார்க் 3 அம்பாசடர், 1978 மாடல். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒரு குறையும் தெரியாது. பொள்ளாச்சி சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போதுதான் மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது இன்ஜின் விட்டுவிட்டு ஓடும். சில நேரம் இன்ஜின் அடியோடு அணைந்துவிடும். ஓரம்கட்டிச் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும்.

பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்யும் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அதன் உரிமையாளர் பானெட்டைத் திறந்ததும், "இது சாதாரண வண்டி இல்ல சார், உங்க அப்பாவோட ஞாபகம். எங்க வீட்டு வண்டி மாதிரி பாத்துக்கறேன்" என்றார். பிறகு டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு வயரை இழுத்து விரலால் மடித்துக் காட்டினார். காய்ந்துபோயிருந்த அதன் மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. கண்ணெதிரே அப்படி உதிர்ந்ததைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அங்கேயே முன்பணம் கொடுத்தேன். முழு வயரிங், தீப்பொறிக்கான காயில், கண்டன்சர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் என்று கணக்கு வளர்ந்து, கடைசியில் ரூ. 68,500 வாங்கிக்கொண்டார்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் வழியிலேயே, அதே வேகத்தில், அதே மாதிரி நின்றது.

உடனே போன் செய்தேன். புது வயரிங் 'செட்' ஆக வேண்டும் என்றார்கள். அடுத்த முறை பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் என்றார்கள். அதன்பின் உரிமையாளர் எப்போதும் வெளியூரில்தான் இருந்தார். வாட்ஸ்அப் செய்திகளைப் படித்ததற்கான நீலக்குறி வரும், பதில் வராது. நேரில் போய் நின்றபோது, ஷெட்டுக்குள்ளேயே இன்ஜினை ஓடவிட்டு, "நல்லாத்தானே ஓடுது சார்" என்று ஒரு பையன் சொன்னான். ஐட்லிங்கில் வராது, சீரான வேகத்தில்தான் வரும் என்று நான் தொடக்கத்திலிருந்தே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். அதை அங்கே ஒருவரும் காதில் வாங்கவில்லை. ரூ. 68,500 வாங்கியவர்கள் வண்டியை ஒருமுறைகூடச் சாலையில் ஓட்டிப் பார்க்கவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தவர் தகரக் கொட்டகையில் கடை வைத்திருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். அதற்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் பாயிண்ட் நன்றாக மூடியிருக்கும் நிலையில் இன்ஜினை நிறுத்தி, லைவிலிருந்து (பேட்டரியின் மின்சாரம் வரும் முனை) டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கு டெஸ்ட் லேம்ப் கொடுத்தார். லேம்ப் எரிந்தது. பிறகு, இன்ஜினின் உறிஞ்சுவிசையை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுவரும் வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளே பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு லேசாகத் திரும்பியது, லேம்ப் அணைந்தது. விட்டதும் மறுபடி எரிந்தது. உள்ளிருந்த, விரல் நீளம்கூட இல்லாத வயரின் கம்பி, உறை கிழியாமலே நடுவில் அறுந்திருந்தது. ஐட்லிங்கில் வேக்குவம் தட்டை இழுக்காததால் அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சீரான வேகத்தில் தட்டு திரும்பும்போது அவை விலகி, தீப்பொறி நின்றுவிடும். ஐம்பது ரூபாய்கூடப் பெறாத அந்த வயருக்காகத்தான் ரூ. 68,500 கொடுத்திருக்கிறேன்!

அதைவிட வயிறு எரியும் விஷயம் ஒன்று உண்டு. இந்த வண்டியின் அசல் வயரிங்கில் பேட்டரியிலிருந்து நேரடியாக வருவது பழுப்பு, சாவி போட்டபின் வருவது வெள்ளை, ஃபியூஸைத் தாண்டி வருவது பச்சை, எர்த் கறுப்பு என்று நிறத்தைப் பார்த்தே தடம் பிடிக்கலாம். அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள் அத்தனையையும் ஒரே சிவப்பு வயரில் இழுத்து, இணைப்புகளைச் சாலிடர் வைக்காமல் முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்கள். மெயின் வயர்கூட மெல்லியது. ஹெட்லைட் போட்டால் அது கையில் சூடாகத் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் இல்லாத அந்தக் காலத்து வண்டியில் இது தீப்பிடிக்கும் வேலை. நன்றாக இருந்த டைனமோவையும், அதைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் பழைய கட்-அவுட்டையும் கேட்டால், "ஸ்கிராப்ல போயிடுச்சு" என்கிறார்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கோளாறு எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வருகிறது என்று கேட்காமலே பாகங்களின் பட்டியல் போடுபவரிடம் வண்டியை விடாதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன், கோளாறை அவர் கண்ணால் பார்க்கும்படி சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். கழற்றும் பாகங்கள் அனைத்தும் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுத்தாளை ஏற்காமல் ஜிஎஸ்டி பில்லைக் கேளுங்கள், எனக்கு ரூ. 68,500-க்கும் அந்தத் துண்டுத்தாள்தான் கிடைத்தது. அதையும் பணம் அனுப்பிய பதிவுகளையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.