அடியோடு சாய்ப்பதா, துண்டு துண்டாக இறக்குவதா?

சுற்றிலும் மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு வெற்றிடம் இருந்தால் அடியோடு சாய்ப்பதுதான் வேகம். விழவேண்டிய பக்கம், விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வாய்வெட்டு, அதாவது ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்கும் பின்வெட்டில், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விடவேண்டும், 50 செ.மீ. மரத்துக்கு 5 செ.மீ. கனம். கீல் போல மரத்தை மடக்குவது அதுதான். அதையும் அறுத்துவிட்டால் மரம் போன பக்கம் விழும். உள்ளே உளுத்திருந்தால் கீல் நிற்கவே நிற்காது.

கூரையோ சுவரோ நெருக்கத்தில் இருந்தால் ஒருவர் மரத்தில் ஏறி, மேலிருந்து துண்டு துண்டாக வெட்டிக் கயிற்றில் இறக்குவதே வழி. நேரம் அதிகம்தான். வெட்டிய 100 கிலோ துண்டு விழும் வேகத்தில் சட்டென்று நின்றால், கயிற்றைத் தன் எடையைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் கீழே இருப்பவர் கயிற்றை அடிமரத்தில் சுற்றி, சற்று ஓடவிட்டே நிறுத்துவார். பார்வையெல்லாம் ஏறுபவர் மேல். ஆனால் பாதி வேலை கீழே கயிறு பிடிப்பவர் கையில்.